'கூட யார் வந்திருக்காங்க?': அனிமேஷன் படம் எடுத்துத் தனக்காகத் தானே பேசுவது

நம்மைப் பற்றி அடுத்தவர்கள் படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காசிமேடு என்றால் அரிவாள், வியாசர்பாடி என்றால் ரவுடி. அதே தெருவில் கேரம் ஆடுகிறவர், கால்பந்து பயிற்சிக்குப் போகிற பெண், பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்துத் திரும்புகிறவர் எல்லோரும் ஃப்ரேமுக்கு வெளியே நிற்பார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் பாடு இதைவிட மோசம். நம் சினிமாவில் அவர்களுக்கு இரண்டே வேடம்தான்: சிரிப்பு மூட்டும் 'லூசு', இல்லையென்றால் கண்ணீர் வரவழைக்கும் தெய்வக் குழந்தை. இரண்டுக்கும் வசனம் எழுதுபவர் வேறு யாரோ.

அந்த வசனத்தை அவர்களே எழுதினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரு செல்போன், கொஞ்சம் சார்ட் பேப்பர், நிறைய பொறுமை இருந்தால் இருபது இருபத்தைந்து வயது இளைஞர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே சின்ன அனிமேஷன் படங்கள் எடுக்க முடியும். உலகில் பல இடங்களில் எடுக்கிறார்கள். தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஒரு மாடி ஹாலில் எடுப்பதற்கும் தடையாக எதுவும் இல்லை.

முதலில் அடிப்படை. அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. மனநோய் எந்த வயதிலும் வரலாம், மருந்தில் கட்டுப்படலாம். அறிவுசார் குறைபாடு பிறப்பிலோ வளரும் பருவத்திலோ தொடங்குவது. கற்றுக்கொள்வது, காரணம் யோசிப்பது, சிக்கலைத் தீர்ப்பது ஆகியவற்றில் சிரமம் இருக்கும். காசு எண்ணுவது, பஸ் பிடிப்பது, அடுத்தவர் பேச்சின் உள்ளர்த்தம் புரிவது போன்ற அன்றாடக் காரியங்களிலும் சிரமம் இருக்கும். இரண்டும் சேர்ந்திருப்பதைத்தான் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாடு என்கிறது. அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்கு இது இருக்கும். காரணமே கண்டுபிடிக்க முடியாதவர்களும் நிறையப் பேர்.

சிரமம் இருக்கிறது என்பதற்காக விருப்பு வெறுப்பு இல்லாமல் போய்விடாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் இருபத்தாறு வயது ஆளிடம் 'பாப்பா சாப்டாச்சா?' என்று கேட்கிற ஊர் இது. அவருக்கு என்ன சட்டை வேண்டும் என்று கடைக்காரர் அவர் அம்மாவிடம்தான் கேட்பார்.

செல்ஃப் அட்வகசி என்று இந்தத் துறையில் சொல்வது இதற்கு எதிர்த்திசையில் நடப்பது: என் வாழ்க்கையைப் பற்றிய பேச்சில் நானும் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியதை நானே சொல்ல வேண்டும். 1960களின் பிற்பகுதியில் ஸ்வீடனில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே மாநாடு கூடி, வேலை, பொழுதுபோக்கு, தங்குமிடம் பற்றிக் கோரிக்கை வைத்தார்கள். 1974இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பு உருவானது. குறைபாடு அப்புறம், முதலில் நாங்கள் மனிதர்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. 'எங்களைப் பற்றி எதுவும் எங்களை விட்டுவிட்டு வேண்டாம்' என்ற முழக்கம் பின்னாளில் மாற்றுத்திறனாளிகள் இயக்கம் முழுவதற்கும் பொதுவானது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் உயிரும் அதுதான். 2024 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றம் திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் விதம் பற்றி வழிகாட்டுதல் சொன்னபோதும் அதே முழக்கத்தை எடுத்தாண்டது.

சரி, பேசுவதற்கு எதற்கு அனிமேஷன்? மைக்கைக் கொடுத்தால் போதாதா?

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூரில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர். பிராட்வே பக்கம் பேப்பர் கவர் செய்யும் பயிற்சி மையத்துக்கு பஸ்ஸில் தனியாகப் போய் வரப் பழகிவிட்டார். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருகிற ஒருவருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. துணைக்கு ஒருவர் வரலாம் என்பது சலுகை. ஆனால் அடையாள அட்டையை நீட்டும்போதெல்லாம் கண்டக்டர் கேட்பது, 'கூட யார் வந்திருக்காங்க?' யாரும் வரவில்லை என்றால், 'தனியா எல்லாம் உன்னை யார் அனுப்புனது?' பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இளைஞருக்கு வாய் அடைத்துப் போகும். அடுத்த நாள் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்பார். ஏன் என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியாது.

இவரை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தாலும் அதே வாய்தான் அடைக்கும். வீடியோ எடுத்தால் முகம் தெரியும். நாளைக்கும் அதே பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும். அனிமேஷனில் முகம் தேவையில்லை. அவர் கத்தரித்த காகித உருவம் அவருக்காகப் பஸ் ஏறும். நடந்ததை ஒரே மூச்சில் கோர்வையாகச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு கை, ஒரு அட்டை, ஒரு திரும்பிய தலை என்று துண்டு துண்டாக, ஒரு நாளைக்கு ஒரு துண்டாகக்கூடச் சொல்லலாம். தப்பினால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. மனசுக்குள் நடப்பதைக் காகிதத்தில் அளவு மாற்றிக் காட்டலாம். நம் இளைஞர் கண்டக்டரை பஸ் உயரத்துக்கு வெட்டுகிறார் என்று வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், 'இவ்ளோ பெருசா இருந்தா உள்ள எப்டிப்பா நிப்பாரு?' என்று கேட்பார். 'அவரு பெருசாத்தான் இருப்பாரு' என்று பதில் வரும். அந்தப் பதிலோடு விட்டுவிட வேண்டும். கத்தரிக்கோலை வாங்கி அளவைச் சரிசெய்கிற நிமிடத்திலேயே அது வேறொருவர் படமாகிவிடும்.

ஸ்டாப் மோஷன், சுருக்கமாக

கணினியில் செய்யும் அனிமேஷன் இதற்குத் தேவையில்லை. ஸ்டாப் மோஷன் போதும். உருவத்தை மேசையில் வைத்து ஒரு படம் எடு, இத்தனூண்டு நகர்த்து, இன்னொரு படம் எடு. வரிசையாக ஓடவிட்டால் உருவம் நடக்கும். சினிமாவில் விநாடிக்கு 24 படம். கைவேலைக்கு 12 தாராளம், எட்டு என்றாலும் குறைசொல்ல ஆளில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விநாடிக்கு 12 என்றால் பதினைந்து விநாடிக்கு 180 படம். அதனால் முதல் படம் அரை நிமிடத்தைத் தாண்டாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. இதற்கென்றே இலவச ஆப்கள் இருக்கின்றன. முந்தைய படத்தை மங்கலாகக் காட்டி, உருவம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட உதவும் வசதியும் அவற்றில் உண்டு. சிலருக்கு அது கைகொடுக்கும். சிலருக்கு இரண்டு உருவம் தெரிந்து குழப்பும், அப்போது அணைத்துவிடலாம்.

போனைக் கையில் பிடித்து எடுத்தால் படம் ஆடும். இரண்டு பக்கமும் சம உயர டப்பாக்களை அடுக்கி, நடுவே ஒரு ஸ்கேலைப் பாலம் போல வைத்து, அதில் போனைத் திரை மேலே இருக்கும்படி, கேமரா மட்டும் ஸ்கேலுக்கு வெளியே நீட்டியிருக்க வைத்து ரப்பர் பேண்ட் போட்டால் போதும், கேமரா நேர் கீழே பார்க்கும். போன் திரையைத் தொட்டால் எல்லாம் அசையும் என்பதால் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் செல்ஃபி ரிமோட் வாங்குங்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் அது வசதி. உருவங்களுக்குக் கண்ணாக ஸ்டிக்கர் பொட்டு. ஒட்டி எடுத்து ஒட்டலாம், கருவிழி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மாற்றலாம். பேன்சி ஸ்டோரில் வாங்கும் ஒரு அட்டைப் பொட்டில் ஒரு பஸ் நிறையப் பயணிகளுக்குக் கண் வைத்துவிடலாம்.

ஒரே எதிரி மின்விசிறி. அதைப் போட்டால் கண்டக்டர், பயணிகள், டிக்கெட் எல்லாம் பறக்கும். அணைத்தால் சித்திரை வெயிலில் மாடி ஹாலில் யாரும் உட்கார முடியாது. காலை பத்து மணிக்குள் படப்பிடிப்பை முடிப்பது, அல்லது உருவங்களுக்கு அடியில் சின்ன உருண்டையாக கம் வைத்து ஒட்டிக்கொள்வது என்று ஏதாவது ஒரு சமாதானத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தையும் நம்ப வேண்டாம். மேகம் போகும்போதெல்லாம் படம் கறுத்து வெளுக்கும்.

வேலையைப் பிரித்துக்கொண்டால் குழு தானாக உருவாகும். ஒருவர் நகர்த்துவார், ஒருவர் ரிமோட்டை அழுத்துவார், ஒருவர் 'கையை எடு!' என்று குரல் கொடுப்பார். இந்த மூன்றாவது வேலைக்கு எப்போதும் போட்டி. அதட்டும் வேலை இவர்களுக்குக் கிடைப்பது அபூர்வமாயிற்றே! அசைத்துக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் பிடிக்காது. அப்படிப்பட்டவரிடம் ஒலியைக் கொடுங்கள். கல்மண்டபம் சிக்னல் ஹாரன், காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம், கண்டக்டர் விசில் என்று பதிவு செய்து வரலாம். ஒலி சரியாக அமைந்தால் படத்துக்குப் பாதி உயிர் வந்துவிடும்.

யார் படம் இது?

தொழில்நுட்பம் ஒரு வாரத்தில் பழகிவிடும். கஷ்டமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறவருக்குத்தான்: உதவ வேண்டும், ஆனால் கதையைத் தன்னுடையதாக்கிவிடக் கூடாது. இப்படி எடுக்கப்பட்டதாகச் சொல்லும் படங்களில் பாதியை எனக்குப் பிடிக்காமல் போவது இதனால்தான். 'மரம் வளர்ப்போம்', 'நாங்களும் சாதிப்போம்' என்று முடியும் படத்தைப் பார்த்தால் டீச்சரின் குரல் கேட்கிறது. இருபத்து நான்கு வயது ஆளை அவர் போக்கில் விட்டால் பெரும்பாலும் காதல், போன், காசு, அண்ணன் திட்டியது, பீச்சுக்குத் தனியாகப் போக ஆசை, இவற்றில் ஒன்றைத்தான் சொல்வார்.

கேள்வி கேட்கும் விதத்திலேயே கதை திசைமாறும். அறிவுசார் குறைபாடு உள்ள பலர், 'ஆமாவா?' என்று கேட்டால் 'ஆமா' என்பார்கள். எதிரில் இருப்பவர் மனம் கோணக் கூடாது என்றே வாழ்நாள் முழுக்கப் பழக்கப்பட்டவர்கள் அவர்கள். 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 'பஸ் கதை எடுக்கலாமா?' என்று கேட்டால் ஆமா. 'வேண்டாமா?' என்று கேட்டாலும் ஆமா. அதற்குப் பதில் மூன்று நான்கு படங்களை மேசையில் பரப்பி, எது என்று எடுத்துக் காட்டச் சொல்லலாம். சிலர் கடைசியில் இருப்பதையே எடுப்பார்கள். எனவே வரிசையைக் கலைத்துவிட்டு, இன்னொரு நாளும் கேட்க வேண்டும். இரண்டு நாளும் பஸ் படமே கைக்கு வந்தால் அது அவர் கதை.

அப்புறம் மொழி. குரல் பதிவில் 'இன்னா சார், நான் தனியாத்தான் வந்துக்கிறேன்' என்று அவர் சொல்லியிருப்பார். உதவுகிறவர் அதை 'ஐயா, நான் தனியாகத்தான் வந்திருக்கிறேன்' என்று திருத்தி, மறுபடி சொல்ல வைப்பார். ஆளுக்கும் பேச்சுக்கும் சம்பந்தமில்லாமல் போகும், பள்ளி ஆண்டு விழா மாதிரி. திருவொற்றியூர்க்காரர் திருவொற்றியூர்த் தமிழ் பேசட்டும். உச்சரிப்பு தெளிவில்லை என்றால் கீழே எழுத்தில் போடலாம். வேறொருவர் குரலை வைத்து டப்பிங் செய்வது கடைசி வழி. அதுவும் எந்தக் குரல் என்று அவர் கேட்டுத் தேர்ந்தெடுத்தால் மட்டும்.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 2004இல் தொடங்கிய ஆஸ்கா பிரைட் திரைப்பட விழாவை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அங்கே படம் எடுப்பவர்கள் மட்டுமல்ல, விழாவை நடத்துபவர்களும் எந்தப் படத்தைத் திரையிடுவது என்று முடிவு செய்பவர்களும் கற்றல், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே. நம் ஊர்த் திரையிடல்களில் குத்துவிளக்கு ஏற்றுவது ஒருவர், பாராட்டிப் பேசுவது இன்னொருவர்; படம் எடுத்தவர் சால்வையோடு ஓரமாக நிற்பார்.

வீட்டில் வரும் சண்டை

உண்மையான கதை என்றால் சில சமயம் அது வீட்டையே பற்றியதாக இருக்கும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். 2023இல்தான் 1500இலிருந்து உயர்ந்தது. ஒரு பெண் படம் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: வங்கியிலிருந்து ஒரு காகித நோட்டு பறந்து வருகிறது, அம்மாவின் பர்ஸுக்குள் போகிறது, பர்ஸ் வாயை மூடிக்கொள்கிறது. பத்து விநாடிப் படம். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். அம்மாவுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அம்மா பக்கமும் நியாயம் உண்டு. அந்தக் காசு சிலிண்டருக்கும் வாடகைக்கும்தான் போகிறது. பெண்ணைப் பார்த்துக்கொள்வதற்காகவே அவர் வேலையை விட்டிருப்பார். இருபது வருடமாக ஸ்டான்லி ஆஸ்பத்திரி, சான்றிதழ், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்த கால் அது. 'ஊர் பார்க்கிற மாதிரி என்னைத் திருடியாக்கிட்டீங்களே' என்று அவர் கேட்டால், கருத்துச் சுதந்திரம் என்று பாடம் எடுப்பது அநியாயம். படத்தை அம்மாவிடம் முதலில் தனியாகக் காட்ட வேண்டும், பெண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். மாதம் இருநூறு ரூபாய் அவள் கையில், அவள் இஷ்டப்படி செலவு செய்யட்டும் என்ற அளவில் பேச்சு முடிந்தால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. யூடியூபில் போடத் தேவையே இல்லாமல் போகலாம். எல்லாப் படத்தையும் ஊருக்குக் காட்டியாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

சட்டம் என்றதும் ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடு என்றால் எத்தனை வயதானாலும் பெற்றோரே காப்பாளர் என்று பலர் நினைக்கிறார்கள். பதினெட்டு முடிந்தபின் அது தானாகத் தொடர்வதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துத்தான் காப்பாளராக முடியும். 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, வாழ்க்கையின் எல்லா விஷயத்திலும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி இவர்களுக்கும் உண்டு என்கிறது. உதவி தேவைப்படுகிற இடத்தில் காப்பாளரும் குறைபாடு உள்ளவரும் சேர்ந்து, குறைபாடு உள்ளவரின் விருப்பத்தை ஒட்டி முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட காப்பாளர் முறையை முன்வைக்கிறது. 2009இல் சண்டிகர் வழக்கொன்றில், லேசான அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண்ணின் கருவை அவர் சம்மதமில்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவ்வளவு பெரிய விஷயத்திலேயே சம்மதம் அவருடையது என்றால், ஒரு படத்தை வெளியிடும் விஷயத்தில் அம்மாவிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவது எப்படிச் சரியாகும்?

சம்மதத்தை ஒரே தடவையில் கேட்டு முடிக்க முடியாது. எடுக்கலாமா என்பது ஒரு கேள்வி. நம் குழுவுக்குள் காட்டலாமா என்பது வேறு. இன்டர்நெட்டில் போடலாமா என்பது முற்றிலும் வேறு. யூடியூபில் போட்டால் என்ன ஆகும் என்பதை, 'உங்க தெரு டீக்கடைக்காரரும் பார்க்கலாம், உன்னைக் கிண்டல் பண்ற பையனும் பார்க்கலாம், யாருன்னே தெரியாதவங்களும் பார்க்கலாம்' என்று முகங்களின் படத்தோடு சொன்னால்தான் புரியும். ஆறு மாதம் கழித்து 'எடுத்துடுங்க' என்றால் எடுத்துவிட வேண்டும். கண்டக்டர் சட்டைப் பையில் பெயர் எழுதாமல் இருப்பதும், பஸ் நம்பரைப் போடாமல் இருப்பதும் புத்திசாலித்தனம். கேள்வி ஒரு பழக்கத்தைப் பற்றியது, ஒரு ஆளைப் பற்றியது அல்ல.

படம் முடிந்தபின்

செல்ஃப் அட்வகசிக்காக எடுத்த படத்துக்கு லைக் எண்ணிக்கை முக்கியமில்லை. யாரால் மாற்ற முடியுமோ அவர் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. பஸ் படம் என்றால் அது போக வேண்டிய இடம் டெப்போ: டூட்டி மாறும் நேரத்தில் நாலு கண்டக்டர்கள் டீ குடிக்கும் இடத்தில் போனில் காட்டினால்கூடப் போதும். அவர்களில் ஒருவர், 'தனியா போய் தொலைஞ்சிட்டா எங்களைத்தானே கேப்பாங்க?' என்பார். அது நியாயமான பயம். அதற்கு இளைஞரிடம் பதில் இருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையில் இறங்கும் ஸ்டாப் பெயரும் ஒரு போன் நம்பரும் இருக்கிறது என்று காட்டலாம். இந்த உரையாடலை முன்கூட்டியே நடித்துப் பழகுவதும் படம் எடுக்கும் வேலையில் சேர்த்திதான்.

பார்வையாளர் கேள்வி நேரத்தில் எல்லோரும் அம்மாவிடமோ டீச்சரிடமோதான் கேட்பார்கள். அவர்களைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிடுங்கள். கேள்விக்குப் பதில் வரத் தாமதமாகும். பலரும் ஐந்தாவது விநாடியிலேயே பொறுமை இழந்து தாங்களே சொல்லிவிடுவார்கள். படம் எடுத்தவர் வாய் திறக்கும் முன் உதவியாளர் பேசக் கூடாது என்று முதலிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நல்லது.

டெப்போவில் வேலை நடக்கவில்லை என்றால் மனு. சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் பக்கத்தில்தான், ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில். திங்கள்கிழமைகளில் மக்கள் குறைதீர் கூட்டம். அதிகாரி லிங்க்கைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். படத்திலிருந்து நாலு ஃப்ரேமைப் பிரின்ட் எடுத்து மனுவோடு பின் செய்யுங்கள், கண்டக்டர் பஸ் உயரத்துக்கு நிற்கும் ஃப்ரேம் அதில் கட்டாயம் இருக்கட்டும். மனுதாரர் என்ற இடத்தில் வருவது படம் எடுத்தவரின் பெயர். கையெழுத்தும் அவருடையதே, எழுத வராது என்றால் கைநாட்டு செல்லும்.